ஹார்ட் ஸ்கேன்: எந்த டெஸ்ட், எங்கே, எவ்வளவு?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆச்சு சித்தப்பா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, ஏறினா நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு, நின்னா சரியாயிடுது. ஹார்ட் ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்" என்றார். ஃபைலை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு எக்கோ ரிப்போர்ட். இதயம் சுருங்கி விரியும் திறன் 60 சதவீதம், வால்வுகளில் குறையில்லை என்று எழுதியிருந்தது. அதில் தப்பே இல்லை. ஆனால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி, அந்தக் கேள்விக்கு எக்கோ நேரடியாகப் பதில் சொல்லாது. இதயநோய் மருத்துவரிடம் கூட்டிப் போனோம், டிரெட்மில்லில் ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோவில், அதாவது ரத்தக் குழாய்க்குள் சாய மருந்து செலுத்திப் படம் பிடித்ததில், இரண்டு அடைப்பு.

அவர் கொடுத்த காசு வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "ஹார்ட் ஸ்கேன்" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு பரிசோதனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கானது, விலையும் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் "பக்கத்தில் எங்கே சீப்பாக எடுக்கலாம்" என்று தேட ஆரம்பித்தால், குறைந்த காசுக்குத் தேவையில்லாத டெஸ்ட் எடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் விலை விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இது ஒன்று: வலி இருக்கும்போது ஸ்கேன் தேடாதீர்கள்

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாமல் கொட்டும் வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் என்று இப்போது, இந்த நேரத்தில் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் மூச்சிரைப்புமாகக்கூட மாரடைப்பு வரும். ஸ்கேன் சென்டருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கும் நேரம் அது இல்லை. பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் என்று முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து, மேல் சிகிச்சைக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

சித்தப்பா மாதிரி நடந்தால், ஏறினால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்பதும் அறிகுறிதான். அப்படி இருப்பவர்கள் செக்கப் பேக்கேஜ் தேடவே கூடாது, நேராக இதயநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும், எந்த டெஸ்ட் என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல், "அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்குமோ" என்ற பயத்தில் இருப்பவர்களுக்கு.

எந்த டெஸ்ட் எதைச் சொல்லும்

ஈசிஜி: மார்பில் பட்டைகளை ஒட்டி, அந்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று வரைவது. சில நிமிஷ வேலை. துடிப்பில் கோளாறு இருக்கிறதா, ஏற்கெனவே மாரடைப்பு வந்து போனதா என்று ஓரளவு காட்டும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுப்பதால் பெரிய அடைப்பு இருப்பவருக்கும் நார்மலாக வரலாம்.

எக்கோ: கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட்தான், இதயத்துக்கு எடுத்தால் அதன் பெயர் எக்கோ. இதயத்தின் அளவு, தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது, வால்வு சரியாக மூடுகிறதா என்பதெல்லாம் தெரியும். கதிர்வீச்சு கிடையாது. நம் ஊரில் ஹார்ட் ஸ்கேன் என்றால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது இதைத்தான். அடைப்பு எதுவும் இதில் நேரடியாகத் தெரியாது.

டிரெட்மில், அதாவது டிஎம்டி: ஈசிஜி ஒயர்களோடு ஓடும் பட்டையில் நடக்க விடுவார்கள், மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-லிருந்து உங்கள் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத் துடிப்பை எட்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு, 50 வயதுக்காரர் என்றால் நிமிஷத்துக்கு சுமார் 145. உழைக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்று இது காட்டும். மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம் உள்ளவர்களுக்கு உபயோகமானது. ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத 35 வயதுக்காரருக்குப் பேக்கேஜில் வருகிறதே என்று எடுத்தால் வேறு ஒரு பிரச்சினை வரும்: இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும், பெண்களுக்கு இது இன்னும் அதிகம். அப்புறம் சந்தேகத்தைத் தீர்க்க ஆஞ்சியோ, அதற்கு ஒரு செலவு, ஒரு மாதம் தூக்கம் போச்சு.

கால்சியம் ஸ்கோர்: வெளிநாடுகளில் ஹார்ட் ஸ்கேன் என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் இதைத்தான். சி.டி. மெஷினில் படுக்க வைத்து, ஊசியே இல்லாமல், சாய மருந்தும் இல்லாமல், சில நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுப்பார்கள். இதய ரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று எண்ணாகத் தரும். இந்தக் கணக்கை 1990-ல் ஆர்தர் அகட்ஸ்டன் குழுவினர் வெளியிட்டார்கள், அதனால் ரிப்போர்ட்டில் அகட்ஸ்டன் ஸ்கோர் என்று இருக்கும். பூஜ்யம் என்றால் சுண்ணாம்புப் படிவு இல்லை, 100-ஐத் தாண்டினால் கொழுப்பு மாத்திரை பற்றி மருத்துவரோடு கட்டாயம் பேச வேண்டும், 400-க்கு மேல் என்றால் படிவு மிக அதிகம்.

சி.டி. ஆஞ்சியோ: சாய மருந்தை ஊசியில் ஏற்றி ரத்தக் குழாயையே படம் பிடிப்பது. அடைப்பைக் காட்டும். விலையும் கதிர்வீச்சும் கூடுதல், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இதைச் சும்மா ஒரு திருப்திக்காக எடுக்காதீர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

ஸ்கேனுக்கு முன்னால் செய்ய வேண்டியது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இந்த மூன்றும் தெரியாமல் எந்த ஸ்கேனும் எடுக்காதீர்கள். முதல் இரண்டுக்குக் காசே வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரையும் கையில் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. கொழுப்புக்கு லிப்பிட் புரொஃபைல் என்று கேட்க வேண்டும், சின்ன லேபிலும் எடுப்பார்கள்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் இன்னொரு ரத்தப் பரிசோதனை, லிப்போபுரோட்டீன் ஏ, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புத் துகள். இது பரம்பரையாக வருவது, சாப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் பெரிதாக மாறாது, ஆயுளில் ஒரு முறை பார்த்தால் பொதுவாகப் போதும். குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் ஸ்கேனுக்கு முன்னால் இதைப் பார்ப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒரு தாளில் குடும்ப வரலாற்றை எழுதுங்கள். அப்பா அல்லது கூடப்பிறந்த ஆண்களுக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது கூடப்பிறந்த பெண்களுக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா? புகைப்பழக்கம், பான்பராக், புகையிலை போடும் பழக்கம் உண்டா? இந்தத் தாளோடு ஒரு பொது மருத்துவரைப் பார்த்தால் உங்களுக்கு ஸ்கேன் வேண்டுமா என்பதே பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கால்சியம் ஸ்கோர் யாருக்குப் பிரயோஜனம் என்றால், 40-ஐத் தாண்டி, அறிகுறி இல்லாமல், கொழுப்பு மாத்திரை போடலாமா வேண்டாமா என்று இரண்டும்கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்கு. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டவர் இவர்களுக்கெல்லாம் இதனால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. 30 வயதில் எடுத்துப் பூஜ்யம் வந்தது என்று சந்தோஷப்படுவதிலும் அர்த்தம் இல்லை, அந்த வயதில் பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்திருக்காது, மென்மையான கொழுப்புப் படிவு இந்த ஸ்கேனில் தெரியாது.

எங்கே போவது: அரசு இடங்களிலிருந்து ஆரம்பியுங்கள்

தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, கிட்டத்தட்ட மாவட்டத்துக்கு ஒன்று. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, முதலில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள், அங்கிருந்து இதயநோய்ப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஈசிஜி அன்றைக்கே முடிந்துவிடும், எக்கோவுக்குத் தேதி கொடுப்பார்கள். காத்திருக்க வேண்டும், அதை மறைப்பதற்கில்லை, ஒரு நாள் கூலியோ ஒரு நாள் லீவோ போகும். ஆனால் அறிகுறி இல்லாமல் பார்க்கிறவருக்கு ஒரு வாரம் கழித்து எக்கோ எடுப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. இதயநோய் ஓ.பி. எந்தக் கிழமை என்பது ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மாறும், முதல் நாளே விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ இருப்பவர்களுக்கு ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையின் முழு உடல் பரிசோதனை மையம் நல்ல வழி. 2016-ல் இதைத் திறந்தபோது கோல்டு 1,000, டைமண்ட் 2,000, பிளாட்டினம் 3,000 ரூபாய் என்று மூன்று திட்டங்கள் வைத்தார்கள். போவதற்கு முன் இன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு, "எந்தத் திட்டத்தில் எக்கோ இருக்கிறது" என்று குறிப்பாகக் கேளுங்கள், கீழ்த்திட்டத்தில் ஈசிஜியோடு நின்றுவிடலாம். வெறும் வயிற்றில் காலையில் போக வேண்டும்.

கம்பெனியில் வேலை பார்த்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் வெளியே காசு கொடுத்து எடுக்கும் முன் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருக்கும் மருத்துவர் எழுதினால் டெஸ்ட் இலவசம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டே இருந்தும் இந்த அட்டையை எடுத்துப் பார்க்காதவர்கள் ஏராளம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பற்றி ஒரு விளக்கம். அது சும்மா செக்கப்புக்கான அட்டை இல்லை, நோய் இருக்கிறது என்று தெரிந்தபின் ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போகும்போது காப்பாற்றுவது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஸ்கேன் எடுக்கும் முன்பே இந்த அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். சித்தப்பா ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததால்தான் ஸ்டென்டுக்கு நகை அடகு வைக்காமல் தப்பித்தோம்.

முகாம்களையும் விடாதீர்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் மருத்துவ முகாம்களில் ரத்தப் பரிசோதனையோடு ஈசிஜி, எக்கோவும் சேர்ந்தே இருந்தன. தனியார் நடத்தும் இலவச இதய முகாம்களும் உண்டு, போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே ஈசிஜியைப் பார்த்துவிட்டு "இன்னைக்கே அட்மிட் ஆகி ஆஞ்சியோ பண்ணிடலாம், முகாம் சலுகை இன்னைக்கு மட்டும்தான்" என்றால், உங்களுக்கு நெஞ்சு வலி எதுவும் இல்லாத பட்சத்தில், ஈசிஜி தாளை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

தனியாரில் எடுப்பதென்றால்: போனை எடுங்கள்

விலை ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். தோராயமாகச் சொன்னால் ஈசிஜி சில நூறு ரூபாய், எக்கோவும் டிரெட்மில்லும் ஆயிரத்தை ஒட்டித் தொடங்கி இரண்டு மூன்றாயிரம் வரை, கால்சியம் ஸ்கோர் சில ஆயிரம், சி.டி. ஆஞ்சியோ பத்தாயிரத்தை ஒட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கிற அதே எக்கோ இரண்டு தெரு தள்ளி இருக்கும் தனி ஸ்கேன் சென்டரில் பாதி விலைக்குக் கிடைப்பதும் உண்டு. குறைந்தது மூன்று இடத்துக்குப் போன் செய்யுங்கள். சித்திக்காக நான் ஒரு சென்டரில் பேசியது இப்படிப் போனது:

"மேடம், ஹார்ட் செக்கப் பேக்கேஜ் போட்டிருக்கீங்களே, அதுல எக்கோ இருக்கா?"

"இருக்கு சார், எல்லாமே இருக்கு."

"எக்கோவா, எக்கோ ஸ்கிரீனிங்கா மேடம்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஸ்கிரீனிங் சார். ஃபுல் எக்கோன்னா எழுநூறு ரூபா சேத்துக் கட்டணும்."

இந்த ஒரு கேள்வியால் விலைப்பட்டியலே மாறிவிட்டது. ஸ்கிரீனிங் என்றால் மேலோட்டமாக ஒரு பார்வை, முழு அளவீடுகளும் படங்களும் இருக்காது. ஆன்லைனில் விற்கும் "ஹார்ட் பேக்கேஜ்" பலவற்றில் எக்கோவும் இருக்காது, ஈசிஜியும் இருக்காது, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவதோடு சரி. 60 சதவீதத் தள்ளுபடி என்று போட்டிருந்தால் எத்தனை டெஸ்ட் என்று எண்ணாதீர்கள், உங்களுக்கு வேண்டிய டெஸ்ட் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலைக்கு அடுத்து நான் கேட்பவை: எக்கோ எடுப்பது யார், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது இதயநோய் மருத்துவரா? டிரெட்மில் நடக்கும்போது டாக்டர் பக்கத்தில் இருப்பாரா, அவசரத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி அதே அறையில் இருக்கிறதா? "டாக்டர் மாடியில இருப்பாரு, கூப்பிட்டா வருவாரு" என்று பதில் வந்தால் அங்கே டிரெட்மில் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். கால்சியம் ஸ்கோர் என்றால் மெஷின் எத்தனை ஸ்லைஸ் (ஒரே சுற்றில் எத்தனை அடுக்குப் படம் எடுக்கும் என்பது), துடிப்போடு சேர்த்துப் படம் எடுக்கும் ஈசிஜி கேட்டிங் வசதி உண்டா என்று கேளுங்கள், 64 ஸ்லைஸோ அதற்கு மேலோ என்றால் நல்லது. கடைசியாக, சொன்ன விலையில் ரிப்போர்ட், படம், படம் பதிந்த டிஸ்க் எல்லாம் அடக்கமா என்பது.

சொந்தமாக ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்திருப்பவர்கள் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், பல பாலிசிகளில் ஆண்டுக்கு ஒரு இலவச செக்கப் இருக்கும், கேட்டால்தான் கொடுப்பார்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்கள் தடுப்புப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும், அதனால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

டெஸ்ட் அன்றைக்கு

எக்கோவுக்குப் பட்டினி கிடக்க வேண்டாம், சட்டையைக் கழற்ற வேண்டி வரும் என்பதால் முன்பக்கம் திறக்கிற மேலாடை வசதி. பெண்கள் தயங்காமல் பெண் உதவியாளர் கூட இருக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. டிரெட்மில்லுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே லேசாக இரண்டு இட்லி போதும், ஷூ வேண்டும், புடவை வேண்டாம், சுடிதாராக இருக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதா போடுவதா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சி.டி. எடுக்கும் அன்று காபி, டீ, சிகரெட் வேண்டாம், துடிப்பு வேகமானால் படம் கலங்கும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் சி.டி. அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் கூகுளில் தேடி ராத்திரி முழுக்க விழித்திருக்காதீர்கள். எக்கோவில் "ட்ரிவியல் எம்.ஆர்.", "ட்ரிவியல் டி.ஆர்." என்று இருக்கும், வால்வில் மிக லேசான கசிவு, ஆரோக்கியமானவர்களுக்கும் சாதாரணமாக இருப்பது. "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்பது வயதாக ஆக, ரத்த அழுத்தம் இருக்க இருக்க, நிறையப் பேருக்கு வருவது, அடைப்பு என்று அதற்கு அர்த்தம் இல்லை, ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். "ஆர்.டபிள்யு.எம்.ஏ." என்று எழுதி, முன்னால் "நோ" இல்லாவிட்டால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள், இதயச் சுவரின் ஒரு பகுதி சரியாக அசையவில்லை என்று பொருள். கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் வந்தால் வருஷா வருஷம் திரும்ப எடுக்க வேண்டியதில்லை, சில வருஷம் கழித்துப் பார்த்தால் போதும், எப்போது என்று மருத்துவர் சொல்வார். மாத்திரை ஆரம்பித்தபின் ஸ்கோர் குறைகிறதா என்று பார்க்க எடுப்பதும் வேண்டாம், கொழுப்பு மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதே அந்த எண் கூடுவது உண்டு, வீணாகப் பயந்துபோவீர்கள்.

இன்னொன்று. ஈசிஜி தாள் வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் கிடந்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும். கையில் வாங்கியதுமே வெளிச்சத்தில் வைத்து, தேதியும் பெயரும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். நள்ளிரவில் நெஞ்சு வலி என்று போய் நிற்கும்போது பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால், இது புதிதாக வந்த மாற்றமா, முன்பே இருந்ததா என்று டாக்டரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சித்தப்பாவுடையது என் போனிலும் இருக்கிறது, சித்தி போனிலும் இருக்கிறது.